சிறு குழாய் கழன்றால் பெரு வண்டியும் தடுமாறும்

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பது நம் முன்னோர் வாக்கு. அத்துரும்பு தனக்குரிய இடத்தில் இல்லாவிடில் என்ன நேரும் என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் நன்று. மோட்டார் காரின் முன்மூடியைத் திறந்து பார்ப்பவர் கண்ணுக்கு முதலில் தெரிபவை இயந்திரம், ரேடியேட்டர், மின்கலம் போன்ற பெரிய பாகங்களே. அவற்றுக்கிடையே பென்சில் பருமனில் வளைந்து செல்லும் கறுப்பு ரப்பர்க் குழாய்களை நாம் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், அவற்றுள் ஒன்று கழன்றுவிட்டால் நல்ல இயந்திரமும் நடுங்கும். எண்ணெய்ச் செலவு ஏறும். சில வேளைகளில் உயிருக்கே ஆபத்து நேரும்.

பட்டறைகளில் ‘வேக்கம் ஹோஸ்’ என்று கூறப்படும் இக்குழாய்களை நாம் வெற்றிடக் குழாய்கள் எனலாம். தோட்டங்களில் வாழும் நம் மக்களுள் பலர், பிறர் பயன்படுத்திய பழைய கார்களைத் தங்கள் சேமிப்பைக் கொண்டு வாங்கி ஓட்டுகின்றனர். பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவும், நோயாளியை மருந்தகத்திற்குக் கொண்டு செல்லவும் அவ்வண்டிகளே கைகொடுக்கின்றன. எனவே, இக்குழாய்களின் வேலையை அறிந்து வைத்திருப்பது பணத்தைக் காக்கும், உயிரையும் காக்கும்.

ஒரு தொழிலாளியின் அனுபவம்

நமக்கு அறிமுகமான பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர், கார்புரேட்டர் பொருத்தப்பட்ட பழைய கார் ஒன்றை வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காற்று வடிகட்டியைத் துப்புரவு செய்ய எண்ணி, வடிகட்டிப் பெட்டியை முழுவதுமாகக் கழற்றினார். தூசியைத் தட்டித் துடைத்து மீண்டும் பூட்டினார். அன்று மாலை வண்டியை முடுக்கியபோது இயந்திரம் காய்ச்சல் கண்டவர் போல் நடுங்கியது. சாலையில் வேகமாகச் செல்லும்போது குறை ஒன்றும் தெரியவில்லை. சந்திப்பில் வண்டியை நிறுத்தினால் மட்டும் நடுக்கம் மீண்டும் தொடங்கியது.

பட்டறை ஒன்றில் பிளக்குகளை மாற்றினர், பயனில்லை. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினர்; அப்போதும் நடுக்கம் தீரவில்லை. இறுதியில், நின்ற நிலையில் இயந்திரம் ஓடும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகாணியைத் திருகி, அவ்வேகத்தைக் கூட்டிக் கொடுத்து அனுப்பினர். நடுக்கம் மறைந்தது போல் தோன்றியது. ஆனால் எண்ணெய்ச் செலவு கூடியது. உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒரு பகுதியும் கரைந்தது.

சில நாள்களுக்குப் பின், மழை பெய்த ஒரு மாலையில் அவர் தம் தாயாரை மருந்தகத்திற்கு அழைத்துச் சென்றார். இயந்திரம் இன்னும் சூடேறவில்லை. தோட்டத்துச் செம்மண் சாலை பெருஞ்சாலையைத் தொடும் சரிவில், எண்ணெய் மிதிகட்டையிலிருந்து காலை எடுத்துக் கிளட்சை மிதித்தார். அக்கணமே இயந்திரம் அணைந்துவிட்டது. பிரேக்கை மிதித்து மிதித்து விட்டார். முதலில் பிடித்த பிரேக், மூன்றாம் முறை கல்லைப் போல் இறுகி நின்றது. எதிரே செம்பனைக் குலைகளை ஏற்றிய லாரி ஒன்று சாலையில் கடந்துகொண்டிருந்தது. உடல் பலம் முழுவதையும் காலில் திரட்டி மிதித்ததால், வண்டி சாலையோரக் கால்வாயின் விளிம்பில் நின்றது. நல்வினைப் பயனாக எவருக்கும் காயமில்லை.

அடுத்த வீட்டு இளைஞர் ஒருவர் தொழிற்பயிற்சி நிலையத்தில் வண்டிப் பழுது பார்க்கும் கலையைக் கற்றவர். அவர் முன்மூடியைத் திறந்து, கைவிளக்கின் ஒளியில் சற்று நேரம் பார்த்தார். வடிகட்டிப் பெட்டியின் அடியில் வந்து சேர வேண்டிய சிறு குழாய் ஒன்று கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதனை அதன் முனையில் செருகினார். திருகாணியைப் பழைய நிலைக்குக் கொண்டு வந்தார். இயந்திரம் அமைதியாக ஓடியது. “மாமா, நோய் ஓரிடத்தில் இருக்க, மருந்து வேறிடத்தில் போடப்பட்டது” என்றார் அவர். அந்தச் சிகிச்சைக்கு ஆன செலவு ஒரு காசும் இல்லை.

இஃது எவ்வாறு நேர்ந்தது? இதனை அறிய, முதலில் வெற்றிடம் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

வெற்றிடம் என்பது யாது?

நம்மைச் சூழ்ந்துள்ள காற்றுக்கு எடை உண்டு. அது எல்லாப் பொருள்களையும் எல்லாத் திசைகளிலிருந்தும் அழுத்திக்கொண்டே இருக்கிறது. இத்தாலிய அறிஞர் டோரிசெல்லி 1643-ஆம் ஆண்டு பாதரசம் நிரப்பிய கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்து, கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 760 மில்லிமீட்டர் உயரப் பாதரசத்தைத் தாங்கி நிற்கிறது என்பதைக் காட்டினார். பட்டறையில் வெற்றிடத்தை அளக்கும் கருவி இன்றும் பாதரச அளவிலேயே கணக்குக் காட்டுவதற்கு இதுவே காரணம்.

இளநீரில் உறிஞ்சு குழலை வைத்துக் குடிக்கும்போது நாம் செய்வது என்ன? வாயினுள் காற்றின் அழுத்தத்தைக் குறைக்கிறோம். வெளிக்காற்று இளநீரை அழுத்தி, குழல் வழியே மேலே தள்ளுகிறது. குழலில் ஒரு சிறு கீறல் இருந்தால், இளநீருக்குப் பதிலாகக் காற்றே வாய்க்குள் நுழையும். எவ்வளவு உறிஞ்சினாலும் இளநீர் சரியாக ஏறாது. கார் இயந்திரத்தில் வெற்றிடக் குழாய் கழன்றால் நேர்வதும் ஏறத்தாழ இதுவேயாகும்.

ஆகவே, இங்கு வெற்றிடம் என்பது காற்றே இல்லாத இடமன்று. வெளிக்காற்றைவிட அழுத்தம் குறைந்த இடம் என்பதே அதன் பொருள்.

இயந்திரம் மூச்சு வாங்கும் முறை

பெட்ரோல் இயந்திரத்தில் பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் காற்று இழுக்கப்படுகிறது. இது மனிதர் மூச்சு வாங்குவதைப் போன்றது. அக்காற்று வரும் வழியில் ஒரு சிறு தகட்டுக் கதவு உள்ளது. நாம் எண்ணெய் மிதிகட்டையை அழுத்தினால் அது திறக்கும். காலை எடுத்தால் ஏறக்குறைய முழுமையாக மூடிக்கொள்ளும். மிதிகட்டை எண்ணெயை நேரே செலுத்துகிறது என்று பலர் எண்ணுகின்றனர். பெட்ரோல் வண்டியில் அது முதலில் திறப்பது காற்றின் கதவையே.

வண்டி நின்றிருக்க, இயந்திரம் மட்டும் மெதுவாக ஓடும் நிலையை மெல்லோட்டம் என்று குறிப்பிடுவோம். அந்நிலையில் கதவு மூடியிருக்க, பிஸ்டன்கள் விடாது இழுக்கின்றன. ஆதலால் கதவுக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள உறிஞ்சு குழலில் வலிமையான வெற்றிடம் உண்டாகிறது. நல்ல நிலையிலுள்ள இயந்திரத்தில், கடல் மட்டத்தை ஒட்டிய இடங்களில் இது பொதுவாகப் பாதரச அளவில் 17 முதல் 22 அங்குலம், அதாவது ஏறத்தாழ 430 முதல் 560 மில்லிமீட்டர் வரை இருக்கும். கதவை அகலத் திறந்து விரைந்து செல்லும்போது இவ்வெற்றிடம் பெரிதும் குறைந்துவிடும்.

பெட்ரோல் நன்கு எரிவதற்குக் காற்றும் எண்ணெயும் உரிய அளவில் கலக்க வேண்டும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது அளவு. வேறு விதமாகக் கூறின், ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். காற்று மிகுந்தால் கலவை மெலிந்துவிடும். சோற்றுக்கு வைத்த உலையில் தண்ணீர் மிகுந்தால் சோறு குழைவது போல, கலவையில் காற்று மிகுந்தால் எரிதல் கெடும்.

குழாய் கழன்றால் நேர்வது என்ன?

உறிஞ்சு குழலில் இயல்பாகக் கிடைக்கும் வெற்றிடத்தை வீணாக்காமல் பல வேலைகளுக்குப் பயன்படுத்துவது பொறியியலாளரின் சிக்கனம். பிரேக்கை மிதிக்க உதவும் கலம், பழைய வண்டிகளில் தீப்பொறி பிறக்கும் நேரத்தை முன்தள்ளும் சிறு தோல்பெட்டி, குளிர்சாதனம் இயங்கும்போது மெல்லோட்ட வேகத்தைச் சற்று உயர்த்தும் அமைப்பு, இயந்திரத்தின் அடிப்பகுதியில் சேரும் ஆவியை இழுத்து எரிக்கும் வழி ஆகியவற்றை வெற்றிடக் குழாய்கள் உறிஞ்சு குழலுடன் இணைக்கின்றன.

இவற்றுள் ஒரு குழாய் கழன்றால் இரண்டு கேடுகள் விளைகின்றன. முதலாவது, அக்குழாய் செய்து வந்த வேலை நின்றுவிடுகிறது. இரண்டாவது, திறந்து கிடக்கும் முனை வழியே அழையா விருந்தாளியாக வெளிக்காற்று இயந்திரத்துக்குள் நுழைகிறது. அக்காற்று கார்புரேட்டர் வழியே வராததால் அதற்குரிய பெட்ரோல் உடன் சேர்வதில்லை. கலவை மெலிகிறது, சில சிலிண்டர்களில் தீப்பற்றாமல் போகிறது, இயந்திரம் நடுங்குகிறது.

ஒரு சிறு துளைக்கு இவ்வளவு வலிமையா என்று ஐயுறலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். 1,300 சி.சி. இயந்திரம் மெல்லோட்டத்தில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 200 லிட்டர் காற்றையே இழுக்கிறது. வலிமையான வெற்றிடம் இழுக்கும்போது, 4 மில்லிமீட்டர் அகலத் துளை ஒன்று அதில் பாதியளவு காற்றை உள்ளே விடக்கூடும். அதே இயந்திரம் முழு வேகத்தில் நிமிடத்திற்கு 3,000 லிட்டரளவில் இழுக்கும். அப்போது வெற்றிடமும் குறைவு. துளை வழியே வரும் காற்று ஒரு பொருட்டன்று. நம் தொழிலாளியின் வண்டி வேகத்தில் நன்றாக ஓடி, சந்திப்பில் மட்டும் நடுங்கியதன் காரணம் இதுவே. அன்று மழையில் இயந்திரம் குளிர்ந்திருந்தது. குளிர்ந்த இயந்திரத்திற்கு எண்ணெய் மிகுந்த கலவை வேண்டும். அந்நேரத்தில் கலவை மெலிந்ததால் அது அடியோடு அணைந்துவிட்டது.

தீப்பொறியை முன்தள்ளும் தோல்பெட்டியின் குழாய் கழன்றால் அறிகுறி சற்று வேறுபடும். பல வண்டிகளில் அக்குழாய், மெல்லோட்டத்தில் வெற்றிடம் எட்டாத இடத்திலிருந்து கிளம்புகிறது. ஆதலால் நின்ற நிலையில் நடுக்கம் தெரியாமலிருக்கலாம். ஆனால் சமநிலத்தில் மிதமான வேகத்தில் செல்லும்போது தீப்பொறி பிந்துகிறது; வண்டி சோம்புகிறது; எண்ணெய்ச் செலவு கூடுகிறது.

1985-ஆம் ஆண்டு வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவும், 1994-இல் வெளிவந்த முதல் பெரோடுவா கஞ்சிலும் கார்புரேட்டர் கொண்ட வண்டிகளே. அக்காலத்து வண்டிகளை இன்றும் ஓட்டுவோர் மேற்கூறியவற்றை நினைவில் வைத்தல் நலம்.

கணினி கட்டுப்படுத்தும் புதிய வண்டிகளில் அறிகுறிகள் வேறு விதமாகவும் தோன்றும். சில வண்டிகள் உள்ளே வரும் காற்றின் அளவை நேரடியாக அளந்து எண்ணெயைப் பீய்ச்சுகின்றன. அங்கு, அளக்கப்படாமல் நுழையும் காற்று கலவையை மெலியச் செய்து நடுக்கத்தை உண்டாக்கும். வேறு சில வண்டிகள் உறிஞ்சு குழலின் அழுத்தத்தை அளந்து கணக்கிடுகின்றன. அங்கு, கூடுதல் காற்று நுழைந்தால் கணினி கூடுதல் எண்ணெயையும் பீய்ச்சுவதால், மெல்லோட்ட வேகம் காரணமின்றி உயரும். அந்த அழுத்த உணரிக்கே செல்லும் குழாய் கழன்றால், வண்டி பெரும் சுமையுடன் மேடேறுவதாகக் கணினி தவறாக எண்ணி எண்ணெயை அள்ளி வழங்கும்; கரும்புகை எழும். கருவிப் பலகையில் இயந்திர எச்சரிக்கை விளக்கு எரிந்தால், பாகங்களை மாற்றுவதற்கு முன் குழாய்களைச் சோதிக்குமாறு பட்டறையில் கேட்பது நம் உரிமை.

பிரேக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை

இக்கட்டுரையின் மிக முக்கியமான பகுதி இதுவாகும். பிரேக் மிதிகட்டைக்கு முன்னால், இயந்திரப் பகுதியில், சட்டி போன்ற வட்டமான கலம் ஒன்றைக் காணலாம். அதுவே பிரேக் பூஸ்டர். பருத்த குழாய் ஒன்று அதனை உறிஞ்சு குழலுடன் இணைக்கிறது. நாம் பிரேக்கை மிதிக்கும்போது, கலத்தின் ஒரு பக்கத்தில் வெற்றிடமும் மறுபக்கத்தில் வெளிக்காற்றும் நிற்க, காற்றின் அழுத்தம் நம் காலுக்குத் துணையாகத் தள்ளுகிறது.

அக்குழாய் கழன்றாலும், வெடித்தாலும், அல்லது இயந்திரமே அணைந்தாலும் அத்துணை கிடைக்காது. கலத்தின் வாயிலில் ஒரு வழி அடைப்பான் இருப்பதால், சேமிப்பிலுள்ள வெற்றிடம் ஒன்றிரண்டு முறை மிதிக்க உதவும். அதன் பிறகு மிதிகட்டை இறுகிவிடும். பிரேக் அடியோடு அற்றுப்போகவில்லை. பன்மடங்கு பலத்துடன் மிதித்தால் வண்டி நிற்கும். இதனை அறியாதவர்கள் பிரேக் போய்விட்டது என்று அஞ்சி, காலை எடுத்து மீண்டும் மீண்டும் மிதிக்கின்றனர். ஒவ்வொரு மிதியும் எஞ்சிய வெற்றிடத்தைச் செலவழித்துவிடுகிறது. நம் தொழிலாளிக்கு நேர்ந்ததும் இதுவே. ஓடும்போது இயந்திரம் அணைந்தால், பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்து வண்டியை நிறுத்த வேண்டும்.

பூஸ்டர் நன்றாக உள்ளதா என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். சமநிலத்தில் கைப்பிரேக்கைப் போட்டு, கியரைப் பொது நிலையில் வைத்து, இயந்திரத்தை அணைத்துவிட்டுப் பிரேக்கை ஐந்தாறு முறை மிதியுங்கள். மிதிகட்டை இறுகியதும், காலை அதன்மேல் அழுத்தி வைத்தபடியே இயந்திரத்தை முடுக்குங்கள். மிதிகட்டை சற்றே கீழிறங்கினால் துணை கிடைக்கிறது என்று பொருள். இறங்காவிடில் குழாயோ, அடைப்பானோ, பூஸ்டரோ பழுதாகியிருக்கலாம். அவ்வண்டியைச் சீர்செய்யாமல் சாலையில் ஓட்டக் கூடாது. பிரேக்கை மிதிக்கும்போது ‘உஸ்’ என்ற ஓசை தொடர்ந்து கேட்பதும் ஓர் எச்சரிக்கையே.

ரப்பர் ஏன் வெடிக்கிறது?

ரப்பருடன் வாழும் நமக்கு இக்கேள்வி எழுவது இயல்பு. நாம் வெட்டி எடுக்கும் பாலிலிருந்து பெறும் இயற்கை ரப்பர் நீண்டு சுருங்குவதிலும் அதிர்வைத் தாங்குவதிலும் இணையற்றது. 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாமலும் குளிரில் விறைக்காமலும் உறுதி பெறும் என்பதைக் கண்டறிந்தார். டயர்த் தொழிலுக்கு அதுவே அடிப்படையாயிற்று.

ஆனால் இயற்கை ரப்பருக்கு ஒரு பகை உண்டு. பெட்ரோலும் இயந்திர எண்ணெயும் பட்டால் அது ஊறிப் பருத்து வலுவிழக்கும். ஆகவே, எண்ணெய் ஆவி படும் குழாய்களுக்கு, 1930-களில் ஜெர்மனியில் உருவான நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பர்களைப் பயன்படுத்துகின்றனர். அதே காரில் இயந்திரத்தைத் தாங்கி நிற்கும் ‘மவுண்டிங்’ பாகத்திற்குப் பெரும்பாலும் இயற்கை ரப்பரே தேர்ந்தெடுக்கப்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் உண்டு.

எந்த ரப்பராயினும், ஆண்டுக் கணக்கில் இயந்திரத்தின் வெப்பத்தில் கிடந்தால் கெட்டிப்படும்; பின் கீறல் விடும். குழாயின் முனைகளே முதலில் கெடுகின்றன. ஏனெனில் அங்குதான் அது உலோக முனையின்மேல் விரிந்து இழுபட்டு நிற்கிறது. தோட்டப்புறங்களில் எலிகளும் குழாய்களைக் கடித்துவிடுவதுண்டு. எல்லாவற்றையும்விட, பழுது பார்க்கும்போது கழற்றிய குழாயை மீண்டும் செருக மறப்பதும் ஒரு காரணமாகும்.

சோதித்தறியும் வழி

இயந்திரம் நடுங்குவதெல்லாம் வெற்றிடக் குழாயின் குற்றமன்று. ‘மவுண்டிங்’ ரப்பர் தேய்ந்திருந்தால் வண்டி அதிரும். ஆயினும் இயந்திரத்தின் ஓசை சீராகவே இருக்கும். காற்றுக் கசிவில் ஓசையே ஏறி இறங்கித் தடுமாறும். பிளக்கு, எண்ணெய் வடிகட்டு ஆகியவற்றின் குறையாகவும் இருக்கலாம். ஆனால் காசு செலவில்லாத சோதனையை முதலில் செய்வதே அறிவுடைமை. அதற்குரிய முறை வருமாறு:

1. இயந்திரத்தை அணைத்து, சூடு ஆறியபின் முன்மூடியைத் திறவுங்கள். ஒவ்வொரு சிறு குழாயையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கைவிளக்கின் ஒளியில் கண்ணால் பின்தொடருங்கள். பல வண்டிகளில் குழாய்களின் பாதையைக் காட்டும் படம் முன்மூடியின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கும்.

2. குழாய் முனைகளை விரலால் மெல்ல வளைத்துப் பாருங்கள். கெட்டிப்பட்டும் கீறல் விட்டும் இருந்தால் அது மாற்ற வேண்டியது. குழாயின்றி மொட்டையாக நிற்கும் முனை ஏதேனும் உண்டா என்றும் நோக்குங்கள்.

3. பின்னர் இயந்திரத்தை மெல்லோட்டத்தில் ஓடவிட்டு, ‘உஸ்’ என்ற ஓசை எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். ஓரடி நீளத் தண்ணீர்க் குழாய்த் துண்டின் ஒரு முனையைக் காதருகே வைத்து, மறுமுனையை ஐயத்துக்குரிய இடங்களில் கொண்டு சென்றால், மருத்துவரின் நாடிக்குழல் போல அது இடத்தைக் காட்டிக் கொடுக்கும்.

4. ஐயத்துக்குரிய சிறு குழாயை ஒரு நொடி நெருக்கிப் பிடியுங்கள். இயந்திரத்தின் ஓட்டம் உடனே சீரானால் கசிவு அக்குழாயிலோ அது செல்லும் பாகத்திலோ உள்ளது.

இச்சோதனைகளை வீட்டு அறைக்குள் அல்லது அடைத்த கொட்டகையில் செய்யலாகாது. புகைக்குழாய் வழி வரும் கார்பன் மோனாக்சைடு உயிரைப் போக்கும் நச்சு. கைப்பிரேக்கைப் போட்டு, கியரைப் பொது நிலையில் வைத்திருக்க வேண்டும். கைலியின் தொங்கல், துண்டு, தளர்ந்த சட்டைக் கை ஆகியவை விசிறியிலோ வாரிலோ சிக்கக்கூடும். மின்விசிறி தானாகவே சுழலத் தொடங்கும் என்பதையும் மறத்தல் கூடாது. கசிவைக் கண்டறிவதற்காகச் சிலர் பெட்ரோலைத் தெளிப்பதுண்டு. சூடான இயந்திரத்தின்மேல் பெட்ரோல் பட்டால் தீப்பற்றும். அதனை ஒருபோதும் செய்யாதீர்கள்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

முனை மட்டும் கீறியிருந்து, குழாயும் போதிய நீளமாக இருந்தால், கெட்ட முனையை ஒரு சென்டிமீட்டர் அளவு வெட்டிவிட்டு மீண்டும் செருகலாம். இது தற்காலிகப் பரிகாரமே. புதிய குழாய் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டு சென்று, உள்விட்டம் ஒத்திருப்பதையும், எண்ணெயைத் தாங்கும் வகையைச் சேர்ந்ததையும் பார்த்து வாங்க வேண்டும். சிறு குழாய்களின் விலை சில வெள்ளிகளே. சைக்கிள் டியூப் துண்டு, மீன்தொட்டிக் குழாய், ஒட்டுநாடா ஆகியவற்றைக் கொண்டு ஒப்பேற்றுவது வெப்பத்தில் நில்லாது.

பிரேக் பூஸ்டர் குழாயில் எவ்வித ஒட்டுவேலையும் ஆகாது. வெற்றிடத்தால் நசுங்காத உறுதியான சுவர் கொண்ட, அதற்கென்றே செய்யப்பட்ட குழாயையே பொருத்த வேண்டும். அதிலுள்ள ஒரு வழி அடைப்பானைத் திசை மாற்றிப் பொருத்தினால் துணை கிடைக்காது. இவ்வேலையைத் தேர்ந்தவரிடம் ஒப்படைப்பதே முறை.

எந்தப் பாகத்தைக் கழற்றுவதாயினும், கழற்றுமுன் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழாயிலும் அதன் முனையிலும் ஒரே எண்ணை எழுதிய சிறு தாளை ஒட்டிவையுங்கள். வேலை முடிந்தபின் படத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். இச்சிறு பழக்கம் இருந்திருந்தால் நம் தொழிலாளிக்கு அத்துணைத் துன்பமும் நேர்ந்திராது.

மற்ற வண்டிகள்

மோட்டார் சைக்கிள் வைத்திருப்போருக்கும் இப்பாடம் பொருந்தும். கார்புரேட்டருக்கும் இயந்திரத்துக்கும் இடையிலுள்ள இணைப்பில் ரப்பர் வெடித்தாலோ, ஆணி தளர்ந்தாலோ, காற்றுக் கசிந்து மெல்லோட்டம் கெடும். டீசல் இயந்திரங்களின் கதை வேறு. வழக்கமான டீசல் இயந்திரத்தின் காற்று வழியில் தகட்டுக் கதவு இல்லாததால் அங்கு வலிய வெற்றிடம் பிறப்பதில்லை. ஆகவே டீசல் வேன், பிக்கப் போன்றவற்றில் பிரேக் துணைக்கென்று தனி வெற்றிடப் பம்பு ஒன்றைப் பொருத்துகின்றனர். அதன் குழாய் பழுதுபட்டால் இயந்திரம் நடுங்காது. பிரேக் மட்டும் இறுகும். முன்னறிவிப்பு இல்லாத ஆபத்தாதலால், டீசல் வண்டி ஓட்டுவோர் மேற்கூறிய பிரேக் சோதனையைத் தவறாது செய்து வருதல் வேண்டும்.

முடிவுரை

பால்வெட்டுக் கலையை அறிந்த நாம், பட்டையில் கத்தி சற்றே ஆழமாகப் பட்டாலும் மரம் கெடும் என்பதை அறிவோம். சிறு தவற்றின் பெரு விளைவு நமக்குப் புதியதன்று. அதே விழிப்பை நம் வண்டியிடமும் காட்டுவோம். நடுக்கம் கண்டால் உடனே பாகங்களை மாற்றிப் பணத்தை இழக்காமல், முதலில் கண்ணால் பார்ப்போம், காதால் கேட்போம். பட்டறைக்குச் செல்ல நேர்ந்தால், அண்மையில் எந்தப் பாகம் கழற்றப்பட்டது என்பதை மறைக்காமல் எடுத்துரைப்போம். அந்த ஒரு சொல்லே பாதி மருந்து.

நம் தொழிலாளியின் தாயார் மறுநாள் மருந்தகம் சென்று நலமாகத் திரும்பினார். அவர் இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் முன்மூடியைத் திறந்து, குழாய்களின்மேல் ஒருமுறை பார்வையைச் செலுத்திவிட்டு, பிரேக் சோதனையையும் செய்கிறார். அதற்கு ஐந்து நிமிடம் போதும். நாமும் அந்த ஐந்து நிமிடத்தை ஒதுக்குவோமாக.